நூலோடு நூல் உரையாடல்



ருஷ்ய நாட்டின் பீற்றர்ஸ்பேர்க் நகரத்திலே, காரியாலயம் ஒன்றிற் பிறர் எழுதியவற்றைப் பார்த்துப் பிரதி எடுக்கும் தொழில் செய்துவந்த ஏழை இலிகிதர் ஒருவர் இருந்தார். மகார் தேவுஷ்கின் என்பது அவர் பெயர். முற்றத்துக்கு எதிர்ப்புறத்து வீட்டிலே வாழ்ந்த வர்வாரா என்னும் இளம்பெண், அவர் படிப்பதற்கென்று ஒரு கதையை அனுப்பி வைத்தாள். அதனைப் படித்து முடித்த இலிகிதர் பெருஞ் சினங்கொண்டு, புத்தகத்தைத் திருப்பி அனுப்பியதோடு நீண்ட கடிதம் ஒன்றும் எழுதினார். தம் வீட்டு மூலையிலே யாரோ ஒளித்திருந்து, தம் வறுமையையும் கிழிந்த சப்பாத்தையும் வேவு பார்த்து, ஊரார் படித்துச் சிரிக்கும்படி அச்சிட்டுவிட்டதாகவே அவருக்குத் தோன்றிற்று. இனித் தெருவில் எவ்வாறு தலைகாட்டுவது என்று அவர் வருந்தினார்.

அக்கதை கோகொல் எழுதிய ‘மேலங்கி’. அதுவும் பிரதி எழுதும் ஓர் ஏழை இலிகிதரின் கதையே. அரும்பாடுபட்டு மிச்சம்பிடித்த பணத்தில் ஒரு மேலங்கி தைப்பிக்கிறார்; அதனைக் கள்வர் பறித்துச் செல்கின்றனர்; முறையிடச் சென்ற இடத்திலே பெரிய அதிகாரி ஒருவர் அதட்டி விரட்டுகிறார்; மனமுடைந்து நோயுற்று அந்த இலிகிதர் இறந்துபோகிறார். இதற்குச் சில நாட்கள் முன்னர் வர்வாரா வேறொரு கதையையும் அனுப்பியிருந்தாள். அது புஷ்கின் எழுதிய ‘அஞ்சல் நிலைய அதிகாரி’. அக்கதையைப் படித்தபோது தேவுஷ்கின் உருகிப்போனார். தம் நெஞ்சையே எடுத்து எவரோ எழுதிவிட்டது போலவும், தாமே அதனை எழுதியிருக்கக்கூடும் போலவும் அவருக்குத் தோன்றியது.

மகார் தேவுஷ்கின் என்று ஒருவர் உண்மையில் வாழ்ந்ததில்லை. 1846 ஆம் ஆண்டிலே தொஸ்தோயெவ்ஸ்கி தமது இருபத்து நான்காவது வயதில் வெளியிட்ட ‘ஏழை மக்கள்’ என்ற முதல் நாவலின் நாயகன் அவர். புஷ்கினின் கதை 1831 இலும் கோகொலின் கதை 1842 இலும் அச்சேறியவை. ஆகவே இங்கு நிகழ்வது விந்தையானது. ஒரு நூலிலே வாழும் மனிதன் வேறிரண்டு நூல்களைப் படிக்கிறான், ஒன்றைத் தழுவிக்கொள்கிறான், மற்றதனோடு வழக்காடுகிறான். இரு நூல்களுக்கிடையே நடைபெறும் இத்தகைய கொடுக்கல் வாங்கலுக்கு இலக்கியக் கொள்கையாளர்கள் பிற்காலத்தில் ஒரு பெயர் இட்டனர். அப்பெயர் பிறந்த வரலாறும், பிறந்தபின் அது அடைந்த மாற்றங்களுமே இன்றைய பேச்சின் பொருள்.

பழைய முறையிற் பயின்ற ஆராய்ச்சியாளர் ஒருவரிடம் ‘ஏழை மக்கள்’ நாவலைக் கொடுத்தால், இதிற் கோகொலின் செல்வாக்கு உண்டு என்று அவர் குறிப்பெழுதுவார். பிரான்சிலே குஸ்தாவ் லான்சோன் என்ற பேராசிரியரின் வழிவந்தோர் இந்த மூல ஆராய்ச்சியைப் பெரும் உழைப்போடு செய்தனர். எந்தக் கவிஞர் எந்த அடியை எவரிடமிருந்து பெற்றார் என்று பக்கம் பக்கமாக ஒப்பிட்டு நிரற்படுத்தினர். அவ்வுழைப்பு வீணானதன்று, அஃதின்றிப் பல நூல்கள் இன்றும் விளங்கா. ஆயினும் அதன் பார்வை கடன்காரனின் கணக்குப் புத்தகத்தைப் போன்றது. கொடுத்தவர் இன்னார், வாங்கியவர் இன்னார் என்பதோடு கணக்கு முடிந்துவிடும். வாங்கியவர் அதனை வைத்துக்கொண்டு என்ன செய்தார், கொடுத்தவரை நோக்கி என்ன மறுமொழி சொன்னார் என்பவற்றுக்கு அந்தப் புத்தகத்தில் இடமில்லை. ஆங்கிலக் கவிஞர் எலியற் 1919 இலே எழுதிய கட்டுரையொன்றில், புதிய படைப்பு ஒன்று தோன்றும்போது பழைய படைப்புகளின் வரிசையும் சற்றே இடம் மாறுகிறது என்று காட்டினார். அது நுட்பமான கருத்தே. ஆனால் அவர் கண்ட வரிசையிற் பெருங் கவிஞர்கள் மட்டுமே நின்றனர். தேவுஷ்கினுக்கு அங்கே நாற்காலி கிடையாது.

தேவுஷ்கினின் சினத்தைப் பொருட்படுத்திப் படித்தவர் மிகாயில் பக்தீன். 1895 இலே ஒரியோல் நகரிற் பிறந்த இவர், தொஸ்தோயெவ்ஸ்கியைப் பற்றிய தமது நூலை 1929 இல் வெளியிட்டார். கோகொல் தம் இலிகிதரை வெளியே நின்று பார்த்தார். பார்த்து, அளந்து, இவன் இவ்வளவினன் என்று முடித்துவிட்டார். தொஸ்தோயெவ்ஸ்கியோ அதே வகை இலிகிதரை எடுத்து, அவர் தம்மைத் தாமே பார்க்கும்படி செய்தார். தம்மை இவ்வாறு அளந்து முடித்துவிட்டார்களே என்பதுதான் தேவுஷ்கினின் சினத்துக்குக் காரணம். உயிரோடிருக்கும் மனிதனைப் பற்றி இறுதிச் சொல்லைச் சொல்லிவிட மற்றவர்க்கு உரிமை இல்லை என்று அவர் உணர்கிறார். இந்த மாற்றத்தைப் பக்தீன், வானநூலிலே கொப்பர்னிக்கஸ் செய்த புரட்சிக்கு ஒப்பிட்டார். தொஸ்தோயெவ்ஸ்கியின் நாவல்களில் ஆசிரியரின் ஒரு குரல் மற்றக் குரல்களை அடக்கி ஆள்வதில்லை. பல குரல்கள் ஒன்றுக்கொன்று சமமாக நின்று வாதிடுகின்றன என்பது அவர் முடிவு.

இதற்கு அடிப்படையாக இருந்தது மொழியைப் பற்றிய ஒரு கருத்து. எந்தச் சொல்லும் அகராதியிலிருந்து நேரே நம் வாய்க்கு வருவதில்லை. பிறர் வாயிலிருந்து, அவர்கள் ஏற்றிய தொனியோடும், அவர்கள் கொண்ட நோக்கத்தோடும் அது வருகின்றது. அதனை நமதாக்கிக்கொள்ள முயலும்போது, அதற்குள் முன்னரே குடியிருப்பவரோடு பேசவேண்டியிருக்கிறது. ஒருவர் பேசும் ஒவ்வொரு கூற்றும் முன்னே சொல்லப்பட்ட ஒன்றுக்கு மறுமொழியாகவும், இனி வரவிருக்கும் ஒரு மறுமொழியை எதிர்பார்ப்பதாகவும் அமைகின்றது. சந்தையிலே பேரம் பேசுவோரின் பேச்சைச் சற்று நின்று கேட்டாலே இது விளங்கும். ஒருவர் சொன்ன சொல்லை மற்றவர் திருப்பிச் சொல்லும்போது, எழுத்து மாறாமலே பொருள் தலைகீழாகிவிடுகிறது. பக்தீன் இதனை உரையாடல் தன்மை என்றார்.

உரையாடலைப் பற்றி இவ்வளவு சிந்தித்தவருக்கு உரையாட ஆளில்லாத வாழ்க்கையே வாய்த்தது. 1928 ஆம் ஆண்டின் இறுதியில் அவர் கைது செய்யப்பட்டார். அவர் விசாரணையில் இருந்த காலத்திலேயே தொஸ்தோயெவ்ஸ்கி பற்றிய நூல் அச்சாகி வெளிவந்தது. சொலொவ்கி தீவுச் சிறைமுகாமில் ஐந்தாண்டுகள் என விதிக்கப்பட்ட தண்டனை, அவர்தம் நோய் காரணமாக மாற்றப்பட்டு, கசாக்ஸ்தானத்தின் குஸ்தனாய் என்னும் ஊருக்கு அவர் நாடு கடத்தப்பட்டார். அங்கே கணக்கெழுதிப் பிழைத்தார். 1938 இல் அவருடைய கால் ஒன்று வெட்டி அகற்றப்பட்டது. பிரெஞ்சு எழுத்தாளர் ரபலேயைப் பற்றி எழுதிய ஆராய்ச்சியை 1946 இற் பரிசோதகர் முன்னிலையில் நிலைநாட்ட முயன்றபோது பெரும் வாதம் எழுந்தது. கலாநிதிப் பட்டம் மறுக்கப்பட்டு, அதனினுங் கீழான பட்டமே 1952 இல் அளிக்கப்பட்டது. சரான்ஸ்க் என்னும் ஒதுக்கமான நகரிலே ஆசிரியராக இருந்த அவரை, 1960 ஆம் ஆண்டளவில் மொஸ்கோவின் இளம் ஆய்வாளர் சிலர் உயிரோடிருப்பதாக அறிந்து வியந்தனர். அவர்தம் முயற்சியால் தொஸ்தோயெவ்ஸ்கி நூலின் திருத்திய பதிப்பு 1963 இலும், ரபலேயைப் பற்றிய நூல் 1965 இலும் வெளிவந்தன.

அவ்வாண்டு டிசம்பர் மாதத்திலே, பல்கேரியாவிலிருந்து ஓர் இளம்பெண் பிரெஞ்சு அரசாங்கத்தின் புலமைப்பரிசில் பெற்றுப் பாரிஸ் நகரை அடைந்தார். அவரே ஜூலியா கிறிஸ்தேவா. 1941 இற் பிறந்த அவருக்கும் அப்போது வயது இருபத்து நான்கு. சோபியா நகரிற் கற்றவராதலின் ருஷ்ய மொழியிற் படிக்க வல்லவர். பாரிஸ் அறிஞர் பலர் அறியாத பக்தீனை அவர் அறிந்திருந்தார். பக்தீனின் நூல்கள் பிரெஞ்சில் மொழிபெயர்க்கப்பட்டது 1970 இலேதான். ஆகவே அவர் கொண்டு வந்தது அந்நகருக்குப் புதுச்சரக்கு.

பாரிசில் அப்போது அமைப்பியல் ஓங்கியிருந்தது. சுவிற்சர்லாந்து மொழியியலறிஞர் சொசூரின் வழிநின்று, மொழியைப் போலவே இலக்கியப் படைப்பையும் தன்னுள் நிறைவுற்ற ஓர் அமைப்பாகக் கருதி, அதன் உறுப்புகள் ஒன்றோடொன்று பொருந்தியிருக்கும் முறையைக் காண்பது அம்முறை. மணிக்கூட்டைத் திறந்து சக்கரங்களைப் பார்ப்பது போன்றது. ஆனால் அந்த மணிக்கூடு எவருடைய நேரத்தைக் காட்டுகிறது என்ற கேள்வி அங்கே எழுவதில்லை. 1966 இலே, றொலான் பார்த் நடத்திவந்த ஆய்வு வகுப்பிற் கிறிஸ்தேவா பக்தீனை அறிமுகஞ் செய்து பேசினார். அப்பேச்சு கட்டுரையாக உருப்பெற்று, ‘கிறித்தீக்’ என்னும் சஞ்சிகையின் 1967 ஏப்பிரல் இதழில் வெளியாயிற்று. பனுவலிடையுறவு என்று தமிழிற் கூறத்தக்க அந்தச் சொல் அங்கேதான் உலகறியப் புகுந்தது.

கிறிஸ்தேவா கூறியது யாதெனின், ஒவ்வொரு பனுவலிலும் இரண்டு கோடுகள் ஒன்றையொன்று வெட்டுகின்றன. ஒன்று எழுதுபவரையும் படிப்பவரையும் இணைப்பது. மற்றொன்று அந்தப் பனுவலை, அதற்கு முன்னும் அதன் காலத்திலும் உள்ள பிற பனுவல்களோடு இணைப்பது. எந்தப் பனுவலும் பிற பனுவல்களை உட்கொண்டு உருமாற்றியே உண்டாகின்றது. மேனாட்டு மொழிகளிற் பனுவலைக் குறிக்கும் சொல், நெய்தல் என்று பொருள்படும் இலத்தீன் வேரிலிருந்து வந்தது. தமிழறிந்த நேயர்க்கு இது புதிதாகத் தோன்றாது. நூல் என்னும் சொல் இழையையும் ஏட்டையும் ஒருங்கே குறிக்கிறது. பனுவல் என்பதற்கும் பஞ்சு என்ற பொருள் பழைய பாட்டிலேயே உண்டு. சொல் ஒத்திருப்பதால் இரு மரபுகளும் ஒரே கொள்கையை உடையன என்று துணிதல் ஆகாது. எனினும், நெய்த துணியிலே இழை எங்கிருந்து வந்தது என்று கேட்கும் மனப்பாங்கு, கேட்போர்க்கு இதனால் எளிதில் விளங்கும்.

கிறிஸ்தேவா இதனை வெறுங் கொள்கையாக விட்டுவிடவில்லை. பதினைந்தாம் நூற்றாண்டிலே அந்துவான் த லா சால் என்பவர் எழுதிய ‘சான்றேயின் ழான்’ என்னும் பிரெஞ்சுக் கதைநூலை எடுத்து ஆராய்ந்தார். அந்நூலின் வாக்கியங்களைப் பிரித்துப் பார்த்தபோது, கல்லூரிகளில் வழங்கிய சமயத் தருக்கத்தின் பாணியும், அரசவைக் காதற் பாட்டின் பாணியும் அங்கே கலந்திருந்தன. அவற்றோடு, சந்தை வணிகர் தம் பண்டங்களைப் புகழ்ந்து கூவும் கூவலும் இருந்தது. ஆடை அணிகளையும் ஆயுதங்களையும் வருணிக்குமிடத்தே, தெருவிற் கேட்ட குரலே எழுத்தாகியிருந்தது. எந்த வணிகன் கூவினான் என்று எவராலும் சொல்ல இயலாது. மூல ஆராய்ச்சி தேடுவது பெயருள்ள நூலையும் பெயருள்ள ஆசிரியனையுமே. இங்கோ பெயரற்ற ஊர்ப்பேச்சு நூலுக்குள் வந்து குடியேறியிருந்தது. கிறிஸ்தேவாவின் ஆய்வுகளிலே மிகவும் பயனுள்ள பகுதி இதுவே எனலாம். பின்வந்தோர் பலர் அவருடைய கடினமான கலைச்சொற்களைப் பற்றிக்கொண்டு, இந்தச் சந்தைக் கூவலை மறந்துவிட்டனர்.

இனி, அந்தக் கட்டுரையிலே நிகழ்ந்த ஒரு மாற்றத்தைக் கூறவேண்டும். பக்தீன் பேசியது மனிதர்க்கு இடையே நிகழும் உரையாடலை. கிறிஸ்தேவாவோ, மனிதர்க்கிடையேயான உறவு என்ற கருத்து இருந்த இடத்திலே பனுவல்களுக்கு இடையேயான உறவை வைத்தார். இது தற்செயலாக நேர்ந்ததன்று, வேண்டுமென்றே செய்யப்பட்டது. பேசுகின்ற மனிதன் தன் சொல்லுக்குத் தானே முழு உரிமையாளன் என்ற நம்பிக்கையை அக்காலப் பாரிஸ் அறிஞர் ஐயுற்றனர். சொசூர் மறைந்து அரை நூற்றாண்டின் பின், 1964 இலே, அவருடைய குறிப்பேடுகளின் சில பகுதிகளை ஸ்தரோபின்ஸ்கி வெளியிட்டார். இலத்தீன் செய்யுள்களின் எழுத்துகளிடையே தெய்வப் பெயர்களும் வேந்தர் பெயர்களும் சிதறி ஒளிந்திருப்பதாகச் சொசூர் கருதித் தேடிய வரலாறு அவற்றிலிருந்து தெரியவந்தது. எழுதியவன் எண்ணாததும் எழுத்துக்குள் இருக்கக்கூடும் என்ற எண்ணத்துக்கு அது உரமூட்டிற்று. மேலும், பிறர் சொல்லைப் பற்றிப் பக்தீன் மிக விரிவாக எழுதிய ‘நாவலிற் சொல்’ என்ற ஆராய்ச்சி முழுமையாக அச்சேறியது அவர் மறைந்த 1975 இலேதான். ஆதலின் கிறிஸ்தேவா கண்டது பக்தீனின் ஒரு பகுதியையே.

இந்த மாற்றத்தால் வந்த பயன் பெரிது. எழுதியவரின் வாழ்க்கைக் குறிப்பையும் நாட்குறிப்பையும் துழாவாமலே, எழுத்துக்குள் மோதும் சமுதாயப் பேச்சுகளைக் காண வழி பிறந்தது. இழந்ததும் சிறிதன்று. பனுவல் பனுவலோடு பேசுகின்றது என்று சொன்னவுடன், அவமானத்தால் முகஞ்சிவந்த தேவுஷ்கின் எங்கே போனார் என்ற கேள்வி எழுகிறது. பனுவலுக்கு வெட்கமில்லை, பனுவலுக்குக் கிழிந்த சப்பாத்தும் இல்லை. சொல்லப்பட்டதற்குப் பொறுப்பேற்பவரும், அதனாற் புண்படுபவரும் மனிதரே.

றொலான் பார்த் தம் மாணவியிடமிருந்து பெற்றதை மேலும் தூரம் கொண்டுசென்றார். ‘ஆசிரியனின் மரணம்’ என்னும் அவரது சிறு கட்டுரை முதலில் 1967 இல் ஆங்கில மொழிபெயர்ப்பாக அமெரிக்கச் சஞ்சிகையொன்றிலும், அடுத்த ஆண்டு பிரெஞ்சிலும் வெளிவந்தது. ஆசிரியன் படைப்பின் தந்தை அல்லன். எண்ணற்ற பண்பாட்டு மூலைகளிலிருந்து வந்த மேற்கோள்கள் அங்கே கூடி நெய்யப்பட்டிருக்கின்றன. அவை ஒன்றுசேரும் இடம் வாசகனே என்பது அதன் கருத்து. 1973 இற் பிரெஞ்சுக் கலைக்களஞ்சியம் ஒன்றுக்கு எழுதிய கட்டுரையிலே, இந்த உறவை மூலம், செல்வாக்கு என்பவற்றோடு குழப்பலாகாது என்று அவர் தெளிவாக வற்புறுத்தினார். மேற்கோட்குறி இல்லாமலே நாம் எடுத்தாளும் பெயரற்ற தொடர்கள், எங்கே கேட்டோம் என்றறியாத வழக்குகள் எல்லாம் அதில் அடங்கும்.

பார்த் கூறிய கடுமையான கொள்கைகளைவிட அவர் சொல்லும் ஒரு சிறு அனுபவம் சுவையானது. ஸ்தந்தால் மேற்கோள் காட்டிய, ஆனால் அவர் எழுதாத எழுத்தொன்றைப் படித்துக்கொண்டிருக்கையில், நுண்ணிய விபரம் ஒன்றிலே அவருக்குப் புறூஸ்ற் தென்பட்டார். ஸ்தந்தால் இறந்தது 1842 இல். புறூஸ்ற் பிறந்தது 1871 இல். பின்வந்தவர் முன்னவரிடம் இருப்பது வரலாற்றின்படி ஆகாத காரியம். ஆனாற் படிப்பவரின் நினைவு பஞ்சாங்கம் பார்த்து நடப்பதில்லை. முதலிற் படித்த நூல் எதுவோ, அதன் வெளிச்சத்திலேயே மற்றவை தெரிகின்றன. புத்தகசாலை ஒன்றிலே தாம் விரும்பிய ஒழுங்கிற் படித்து வளர்ந்த எவரும் இதனை அறிவர்.

சொல் பரவியது. பரவிய வேகத்திலேயே தேய்ந்தது. இன்ன கவிஞர் இன்னாரிடமிருந்து எடுத்தார் என்று முன்பு எழுதியவர்கள், அதே பட்டியலைப் பனுவலிடையுறவு என்ற தலைப்பின் கீழ் எழுதலாயினர். புதிய போத்தலிற் பழைய மருந்து. 1974 இலே வெளிவந்த ‘கவிதைமொழியின் புரட்சி’ என்ற பெருநூலில், தாம் ஆக்கிய சொல் இவ்வாறு மலினப்பட்டமையைச் சுட்டிய கிறிஸ்தேவா, இடப்பெயர்ச்சி என்று பொருள்படும் வேறொரு சொல்லைத் தாம் விரும்புவதாக எழுதினார். ஒரு குறி முறையிலிருந்து மற்றொன்றுக்குப் பெயர்ந்து செல்லும்போது, பேசுபவரின் நிலையே மாறிவிடுகிறது என்பதை அச்சொல் உணர்த்தும் என அவர் கருதினார். உலகம் அதனைக் கேட்கவில்லை. சொல்லை ஆக்கியவரே கைவிட்டும், சொல் அவரை விட்டகன்று தன்வழியே நடந்தது. எழுதியவனுக்கு எழுத்தின்மீது ஆட்சியில்லை என்ற கொள்கைக்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

அடுத்து வந்தோர் இதனை வகுத்து ஒழுங்கு செய்தனர். அமெரிக்காவிலே கொலம்பியா பல்கலைக்கழகத்திற் கற்பித்த மிஷேல் றிஃபத்தேர், கவிதையில் இயல்பாகப் பொருந்தாது இடறும் ஓர் இடமே, வேறொரு பனுவலைத் தேடும்படி வாசகனைத் தூண்டும் அடையாளம் என்றார். 1982 இலே ஜெரார் ஜெனெற், பழைய எழுத்தைச் சுரண்டிவிட்டு மேலே புதிதெழுதிய தோலேட்டின் பெயரைத் தம் நூலுக்குச் சூட்டி, பனுவல்களுக்கிடையேயான உறவுகளை ஐந்தாக வகுத்தார். அவருடைய வகுப்பிற் பனுவலிடையுறவு என்பது மேற்கோள், குறிப்பு, களவு ஆகிய அளவுக்குச் சுருங்கிவிட்டது. ஹோமரின் காவியத்தின்மேல் வேர்ஜிலும் யொய்சும் தத்தம் நூல்களைக் கட்டியது போன்ற பெருநிகழ்ச்சிக்கு அவர் வேறு பெயர் கொடுத்தார். வகுப்பறைக்கு இது மிக உதவும் நூல். ஆசிரியர்கள் அதற்கு நன்றியுடையர். ஆனாற் சந்தைக் கூவலுக்கு அந்த ஐந்து பெட்டிகளிலும் வசதியான இடம் இல்லை.

அமெரிக்காவிலே ஹரோல்ட் புளூம் வேறு வழி சென்றார். 1973 இல் வெளியிட்ட நூலிலே, கவிஞனுக்கும் அவனுக்கு முன்வந்த பெருங்கவிஞனுக்கும் உள்ள உறவைத் தந்தையோடு மகன் செய்யும் போராக அவர் கண்டார். மில்ற்றனுக்குப் பின்வந்தோர் மில்ற்றனைத் திரித்துப் படித்தே தமக்கு இடம் தேடினர் என்பது அவர் வாதம். பாரிசார் அகற்றிய மனிதன் இங்கே திரும்பி வந்தான். ஆனால் அவன் எப்போதும் ஆண்மகன், எப்போதும் பெருங்கவி. 1979 இலே சான்ட்ரா கில்பேட், சூசன் கூபர் என்னும் இரு பெண் அறிஞர்கள் இதனை எதிர்த்துக் கேட்டனர். பின்வந்த ஆண்கவிக்குத் தந்தை பலர் இருந்தமையால் அச்சம். எழுத வந்த பெண்ணுக்கோ முன்சென்ற தாய் இல்லையென்பதாலேயே, தான் எழுதலாமா என்ற அச்சம். அவர்கள் தம் நூலுக்கு இட்ட தலைப்பு, மாடியறையில் அடைக்கப்பட்ட பைத்தியக்காரியைக் குறிப்பது.

அந்தப் பெண் யார் என்பது ஆங்கில நாவல் படித்த நேயர்க்குத் தெரியும். 1847 இல், அதாவது ‘ஏழை மக்கள்’ வெளிவந்ததற்கு அடுத்த ஆண்டில், சார்லட் புறொன்ரி எழுதிய ‘ஜேன் எயர்’ நாவலிலே, றொச்செஸ்ரர் என்னும் கனவானின் முதல் மனைவி பேத்தா மாடியில் அடைக்கப்பட்டிருக்கிறாள். அவள் ஜமெய்க்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவள். சிரிப்பொலியும் உறுமலும் கேட்கின்றன. அவள் தன் கதையைச் சொல்ல ஒரு வரியும் அந்நாவலில் இல்லை. மேற்கிந்தியத் தீவான டொமினிக்காவிற் பிறந்த ஜீன் றீஸ், 1966 இலே ‘விரிந்த சர்காசோக் கடல்’ என்ற நாவலை எழுதி, அவளுக்குப் பேச்சைக் கொடுத்தார். இளமையும், வளர்ந்த தோட்டமும், பறிபோன சொந்தப் பெயரும் அங்கே அவள் வாயாலேயே வருகின்றன. கிறிஸ்தேவா பாரிஸ் வகுப்பிலே பக்தீனைப் பற்றிப் பேசிய அதே ஆண்டு அது. ஒருவரை ஒருவர் அறியார்.

றீஸின் நாவலைப் பனுவலோடு பனுவல் செய்த உரையாடல் என்று மட்டும் சொல்வது போதுமா? பாரிஸ் கொள்கையின்படி அது போதும். ஆனால் அந்நாவலை எழுதியவர் அதே தீவுக்கூட்டத்திற் பிறந்து, தன் ஊர்ப் பெண்ணை ஆங்கில நாவல் அளந்து முடித்த விதத்தைக் கண்டு பொறாதவர் என்பதை நீக்கிவிட்டால், நூலின் உயிர்நிலையே போய்விடும். நெடுங்காலம் வாய்மூடி இருந்தவர்கள் ஆசிரியர் என்ற பெயரை அப்போதுதான் பெறத் தொடங்கினர். அந்த வேளையிலேதான் ஆசிரியன் இறந்துவிட்டான் என்ற செய்தியும் வந்தது. பெண்ணியத் திறனாய்வாளர் சிலர் இதனை மனக்கசப்போடு சுட்டியதில் வியப்பில்லை. 1988 இலே ஹென்றி லூயி கேற்ஸ் எழுதிய ‘குறித்துரைக்கும் குரங்கு’ என்ற நூலும் இந்த இடத்திலேயே கால் ஊன்றுகிறது. அமெரிக்கக் கறுப்பின மக்கள் தெருவிலே ஒருவர் சொன்னதை மற்றவர் திருப்பி, மாற்றி, குத்திச் சொல்லும் பேச்சு மரபிலிருந்து, அவர்தம் எழுத்தாளர்கள் ஒருவர் நூலுக்கு மற்றவர் மறுமொழி எழுதும் முறையை அவர் விளக்கினார். சோரா நீல் ஹேர்ஸ்ரன் 1937 இல் எழுதியதற்கு, அலிஸ் வோக்கர் 1982 இலே கடிதங்களாலான நாவல் ஒன்றின் மூலம் பதிலளித்தார் என்று காட்டினார். அங்கே மனிதரும் உளர், பனுவலும் உண்டு, சந்தைப் பேச்சும் உண்டு.

1981 இலே, கிறிஸ்தேவாவைப் போலவே பல்கேரியாவிலிருந்து பாரிசுக்கு வந்திருந்த தொதரோவ், பக்தீனைப் பற்றித் தனிநூல் எழுதி, உரையாடல் என்ற மூலச்சொல்லைத் திரும்பவும் முன்னே வைத்தார். அதன்பின் வந்தோர் பக்தீனையும் கிறிஸ்தேவாவையும் அருகருகே வைத்துப் படிக்கலாயினர். அவ்வாறு படிக்கும்போது, கிறிஸ்தேவா பக்தீனுக்குச் செய்தது என்ன என்பதும் தெளிவாகின்றது. தொஸ்தோயெவ்ஸ்கி கோகொலுக்குச் செய்ததையே அவர் செய்தார். எடுத்தார், மாற்றினார், மறுத்தார், அதனாலேயே பழையதை உலகறியச் செய்தார்.

‘மேலங்கி’யைத் திருப்பி அனுப்பிய தேவுஷ்கின் தம் கடிதத்திற் சினத்தோடு நின்றுவிடவில்லை. அந்தக் கதை எவ்வாறு முடிந்திருக்க வேண்டும் என்றும் எழுதினார். அந்த இலிகிதர் இறக்க வேண்டியதில்லை. களவுபோன மேலங்கி கிடைத்திருக்கலாம். அதிகாரி அவருடைய நற்குணத்தை விசாரித்தறிந்து, பதவியும் உயர்த்தி, நல்ல சம்பளமும் கொடுத்திருக்கலாம்.